பினெஸ்ட்ரே மலையில் டெல் டோரோ ஏன் துரத்தவில்லை?

2025 ஜூன் 2, காலை (வாசகர் கேள்வி)

இத்தாலியின் மூன்று வார சைக்கிள் பந்தயமான ஜிரோ டி இத்தாலியாவில் சனிக்கிழமை நடந்த 20ஆம் கட்டத்தை (ஒரு நாள் ஓட்டம் ஒரு கட்டம்) முழுவதுமாகப் பார்த்தேன். மொத்த நேரத்தில் முதலிடத்தவருக்கான இளஞ்சிவப்புச் சட்டை அணிந்திருந்த ஐசக் டெல் டோரோவும் இரண்டாம் இடத்தில் இருந்த ரிச்சர்ட் கராபாஸும் அருகருகே ஏறிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் இடத்தில் இருந்த சைமன் யேட்ஸ் அவர்கள் கண்ணெதிரே விலகிச் சென்று, மூன்று வாரப் போட்டியையே வென்றுவிட்டார். இருவரும் மாறி மாறி முன்னால் மிதித்திருந்தால் அவரைப் பிடித்திருக்கலாம். டெல் டோரோவுக்கு வயது 21. இது அனுபவமின்மை என்பதே என் முடிவு. மறுப்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

2025 ஜூன் 2, இரவு

மறுக்கிறேன். அன்று காலை வரையிலான மொத்த நேர நிலவரத்தை முதலில் பார்க்க வேண்டும். டெல் டோரோவுக்கும் கராபாஸுக்கும் இடையே 43 விநாடி. டெல் டோரோவுக்கும் யேட்ஸுக்கும் இடையே 1 நிமிடம் 21 விநாடி. வெர்ரெஸ் ஊரிலிருந்து செஸ்ட்ரியேரே வரை 205 கிலோமீட்டர். இறுதிக்கு முந்தைய ஏற்றமான கோல்லே டெல்லே பினெஸ்ட்ரே 18.5 கிலோமீட்டர் நீளம். சராசரிச் சரிவு 9 சதவீதத்துக்கு மேல். கடைசி 8 கிலோமீட்டர் சரளை மண் பாதை. உச்சி 2,178 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மறுநாள் ரோம் நகரில் நடப்பது பெரும்பாலும் சம்பிரதாய ஓட்டம் என்பதால், பட்டத்தை மாற்றக்கூடிய கடைசி ஏற்றங்கள் இவைதாம்.

இந்தக் கணக்கில் டெல் டோரோவின் முதல் எதிரி கராபாஸ். மலையடிவாரத்தில் முதலில் தாக்கியவரும் அவரே. டெல் டோரோ முன்னால் நின்று யேட்ஸைத் துரத்தினால், பின்னால் இருக்கும் கராபாஸ் தன் சக்தியைச் சேமித்துக்கொண்டு, உச்சிக்கு ஒரு கிலோமீட்டர் முன்னதாக எழுந்து மிதித்து 43 விநாடியையும் விழுங்கிவிடுவார். கராபாஸின் பக்கமும் நியாயம் உண்டு. சட்டை யாரிடம் இருக்கிறதோ அவரே துரத்த வேண்டும் என்பது இந்த விளையாட்டில் எழுதப்படாத விதி. இரண்டாம் இடத்தில் இருப்பவர் ஏன் முதலிடத்தவருக்காக உழைக்க வேண்டும்? இருவரும் தத்தம் இடத்திலிருந்து பார்த்தால் சரியாகவே நடந்துகொண்டார்கள். இரண்டு சரியான முடிவுகள் சேர்ந்து இருவரையும் தோற்கடித்தன. வயதை இதற்குள் கொண்டுவரத் தேவையில்லை. கராபாஸ் 2019இல் ஜிரோ பட்டத்தை வென்றவர், டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் பெற்றவர், அவரும் அதே கண்ணியில்தான் நின்றார்.

2025 ஜூன் 3

"ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். யேட்ஸுக்கு இது பொருந்தாது. அவர் ஓரமாக நின்று பழம் விழுவதற்காகக் காத்திருக்கவில்லை. முதல் தாக்குதலில் கராபாஸும் டெல் டோரோவும் விலகியபோது, தன் வேகம் கலையாமல் ஏறி அவர்களை எட்டினார். பிறகு தாக்கினார், பிடிபட்டார், மீண்டும் தாக்கினார். அவர்கள் தயங்கிய நேரத்தில் இடைவெளி விரிந்தது என்பது உண்மை. ஆனால் அந்தத் தயக்கத்தை உண்டாக்கியது அவருடைய ஓயாத தாக்குதல்கள். ஒவ்வொரு முறையும் பின்னால் இருந்த இருவருக்குள் "இந்த முறை நீ போ" என்ற பேரம் எழுந்தது. அந்தப் பேரம் முடிவதற்குள் அவர் அடுத்த வளைவைக் கடந்திருந்தார்.

2025 ஜூன் 4

இதுவரை எல்லோரும் மூன்று பேரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த நாளைத் தீர்மானித்த நான்காம் மனிதர் வூட் வான் ஆர்ட்.

யேட்ஸின் அணியான விஸ்மா–லீஸ் எ பைக், காலையில் பிரிந்து முன்னே சென்ற பெரிய குழுவில் வான் ஆர்ட்டைச் சேர்த்து அனுப்பியிருந்தது. கட்டத்தை வெல்வதற்காக அல்ல. ஏறத்தாழ 78 கிலோ எடையுள்ள வான் ஆர்ட், அறுபது கிலோவுக்கும் குறைவான யேட்ஸுடன் பினெஸ்ட்ரே போன்ற மலையில் தோளோடு தோள் ஏற முடியாது. அவரால் யேட்ஸுக்கு உதவ முடியுமானால் அது மலை முடிந்த பிறகுதான். அப்படியென்றால் யேட்ஸ் உச்சியை அடைவதற்கு முன்பே அவர் உச்சியைத் தாண்டியிருக்க வேண்டும். இதற்காக, மலையில் தான் இழக்கப்போகும் நேரத்தைக் காலையிலேயே முன்பணமாகச் சம்பாதித்து வைத்துக்கொள்ள வேண்டும். முன்னணிக் குழுவுக்குக் கிடைக்கும் சில நிமிட இடைவெளிதான் அந்த முன்பணம்.

இந்த ஏற்பாட்டில் துல்லியம் வேண்டும். முன்னே சென்றவர் மிக வேகமாகப் போனால் கூட்டாளி வருவதற்குள் குளிர்ந்து, களைத்து, சாலையோரம் நின்றுகொண்டிருக்க நேரும். மிக மெதுவாகப் போனால் மலையிலேயே பிடிபட்டுப் பயனற்றுப் போவார். கூட்டாளி தாக்கப்போகும் நேரத்தை ஓரளவு அறிந்து, வானொலியில் வரும் இடைவெளிகளைக் கேட்டு, தன் சக்தியில் அரை மணி நேரத்தையாவது மிச்சம் வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். கட்டத்தை வெல்லும் ஆசையை அறவே விட்டவரால் மட்டுமே இது முடியும். வசந்தகாலப் பெரும் போட்டிகளை வென்ற ஒருவர் அதைச் செய்தார் என்பதுதான் எனக்கு அந்த நாளின் மிகப் பெரிய காட்சி.

இதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தேன். காற்றை எதிர்க்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கேற்ப உயரும் (வேகம் இரட்டித்தால் சக்தி எட்டு மடங்கு). செங்குத்தான மலையில் மணிக்கு 18 கிலோமீட்டரில் ஏறுபவர் காற்றுக்காகச் செலவிடுவது ஏறக்குறைய 25 வாட்; மீதி முழுவதும் புவியீர்ப்புக்கே போகிறது. அங்கே ஒருவர் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தாலும் மிச்சம் சொற்பம். அதே மனிதர் பள்ளத்தாக்கில் மணிக்கு 40 கிலோமீட்டரில் தனியாகப் போனால் காற்றுக்கு மட்டும் 250 வாட்டுக்கு மேல் வேண்டும். செஸ்ட்ரியேரே ஏற்றமோ ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீண்டாலும் சராசரி 4 சதவீதத்தை எட்டாத மென்மையான சரிவு. அங்கே நல்ல வீரர்கள் மணிக்கு 25 முதல் 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்வார்கள். அவர்களது உழைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காற்றுக்குப் போகும். எனவே பினெஸ்ட்ரே தனி மனிதரின் மலை; அதற்குப் பின் வரும் பள்ளத்தாக்கும் செஸ்ட்ரியேரேயும் அணியின் சாலை. தனியாகப் போகும் ஏறுவீரர் பின்னால் கூடும் குழுவிடம் வழக்கமாகப் பிடிபடுவது இந்த இரண்டாம் பகுதியில்தான். யேட்ஸ் அந்தப் பகுதியை வான் ஆர்ட்டின் அகன்ற முதுகுக்குப் பின்னால் கடந்தார்.

விளைவு எண்களில் இருக்கிறது. பினெஸ்ட்ரே உச்சியில் யேட்ஸ் தன் 1:21 பின்னடைவைத் தாண்டிவிட்டிருந்தார். ஆனாலும் போட்டி இன்னும் திறந்தே இருந்தது. செஸ்ட்ரியேரேயில் அந்த இடைவெளி ஐந்து நிமிடத்துக்கு மேல். இறுதிப் பட்டியலில் டெல் டோரோவை விட 3 நிமிடம் 56 விநாடி முன்னிலை. இழப்பின் பெரும்பகுதி மலையில் நேரவில்லை. மலைக்குப் பிறகே நேர்ந்தது.

2025 ஜூன் 5

ஒரு திருத்தம். வான் ஆர்ட் குழுவிலிருந்து பின்தங்கியதால் தற்செயலாக யேட்ஸுக்கு அகப்பட்டார் என்று மேலே ஒருவர் எழுதியிருப்பது சரியல்ல. கிறிஸ் ஹார்ப்பர் முன்னணிக் குழுவிலிருந்து தனியாகச் சென்று கட்டத்தை வென்றார். அவரைத் துரத்தும் முயற்சியில் வான் ஆர்ட் இறங்கவே இல்லை. பள்ளத்தாக்கில் வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தார்.

இதே வான் ஆர்ட் 9ஆம் கட்டத்தில் சியனா நகரில் டெல் டோரோவை வேகப்போட்டியில் முந்தி வென்றவர். டெல் டோரோ இளஞ்சிவப்புச் சட்டையை முதன்முதலில் அணிந்ததும் அதே நாளில்தான்.

2025 ஜூன் 7

காற்று மறைவைப் பற்றி எழுதிய எண்கள் நம்பும்படியாக இல்லை என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். தொழில்முறை வீரர்களை விடுங்கள். வார இறுதியில் ஓட்டும் எங்களைப் போன்றவர்களுக்கே இது உடம்பில் தெரியும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்திலிருந்து சென்னை திரும்பும்போது, எதிர்க்காற்று எழுந்துவிட்டால் குழுவின் முன்னால் நிற்பவருக்குச் சில நிமிடங்களில் மூச்சு முட்டும். அவருடைய பின்சக்கரத்தை ஒட்டி வருபவர் பேசிக்கொண்டே வரலாம். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் அதே குழுவோடு ஏறியபோது, யார் பின்னால் ஒளிந்தாலும் கால்கள் ஒரே மாதிரிதான் எரிந்தன. அந்த மலையில் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளக்கூடிய உதவி, தண்ணீர்க் குப்பியை நீட்டுவதும், தாளம் தப்பாமல் அருகில் ஓட்டுவதும் மட்டுமே.

குழுவில் ஒருவர் தன் முறை வரும்போது முன்னால் வர மறுத்தால் என்ன ஆகும் என்பதையும் அங்கேதான் கற்றேன். மற்றவர்கள் ஒரு சுற்று பொறுப்பார்கள். இரண்டாம் சுற்றில் எல்லோருடைய வேகமும் குறையும். மூன்றாம் சுற்றில் ஒருவரும் முன்னால் நிற்க மாட்டார்கள். பரிசோ பணமோ இல்லாத ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்திலேயே இப்படியென்றால், மூன்று வார உழைப்பைப் பணயம் வைத்த இருவரிடம் தன்னலமற்ற ஒத்துழைப்பை எதிர்பார்ப்பது கடினம்.

2025 ஜூன் 8

2018ஐப் பேசாமல் இந்த மலையைப் பேச முடியாது. மே 25, 19ஆம் கட்டம், அதே பினெஸ்ட்ரே. அன்று இளஞ்சிவப்புச் சட்டை சைமன் யேட்ஸிடம் இருந்தது. மலை தொடங்கியதுமே அவர் தளர்ந்து, கட்ட முடிவில் 38 நிமிடத்துக்கு மேல் இழந்தார். அன்று மூன்று நிமிடத்துக்கு மேல் பின்தங்கியிருந்த கிறிஸ் ப்ரூம், இலக்குக்கு 80 கிலோமீட்டர் இருக்கும்போதே தனியாகப் புறப்பட்டு, கட்டத்தையும் சட்டையையும் சேர்த்து எடுத்தார். மறுநாள் கழித்து ரோமில் பட்டமும் அவருக்கே.

எனக்கு அன்றைய பாடம் ப்ரூமிடம் இல்லை, பின்னால் துரத்திய ஐந்து பேரிடம் இருக்கிறது. டாம் டுமுலன், திபோ பினோ, பினோவின் அணித்தோழர் செபாஸ்டியன் ரைஷன்பாக், மிகேல் ஆங்கல் லோபெஸ், மற்றும் அதே ரிச்சர்ட் கராபாஸ். லோபெஸும் கராபாஸும் இளையோருக்கான வெள்ளைச் சட்டைக்காகத் தங்களுக்குள் போட்டியிட்டதால் முன்னால் வரவே இல்லை. ரைஷன்பாக் உதவுவார் என்று எண்ணிய டுமுலன், பினெஸ்ட்ரேயிலிருந்து இறங்கும்போது அவர் வந்து சேர்வதற்காக வேகத்தைக் குறைத்தார். இறக்கத்தில் தயங்கி வரும் ரைஷன்பாக்குக்காகக் காத்திருந்த நேரத்தில் ப்ரூமின் முன்னிலை வளர்ந்தது. டுமுலன் ஜிரோவை இழந்தது 46 விநாடியில்.

2018க்கும் 2025க்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. உதவியாளர் முன்னால் இருந்தால் காத்திருப்பது அவர். தலைவர் ஒரு விநாடியும் இழப்பதில்லை. உதவியாளர் பின்னால் இருந்தால் காத்திருப்பது தலைவர். உதவி வந்து சேரும்போது அதன் விலை ஏற்கெனவே செலுத்தப்பட்டிருக்கும். உச்சியில் நின்று தன் யூ.ஏ.இ. அணித்தோழர்களுக்காக டெல் டோரோ காத்திருந்திருக்கலாமே என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். டுமுலன் அதைச் செய்து பார்த்தார்.

யேட்ஸுக்கு இது பழி தீர்த்தல் என்று பத்திரிகைகள் எழுதுவதில் எனக்கு உடன்பாடு குறைவு. 2018இல் அவர் சட்டையைத் தக்கவைக்கப் பல நாட்கள் தானே தாக்கித் தன்னைத் தீர்த்துக்கொண்டார். 2025இல் மூன்று வாரமும் பெரும்பாலும் கண்ணில் படாமலேயே ஓட்டினார். ஒரு கட்டத்தைக்கூட வெல்லவில்லை. சக்தியை எங்கே செலவிடுவது என்பதைப் பற்றிய அவரது புரிதல் ஏழு ஆண்டுகளில் முழுமையாக மாறியிருக்கிறது. அது மனக்காயத்தைவிடச் சுவையான செய்தி.

2025 ஜூன் 8, பின்னிரவு

கராபாஸ் 2019 பட்டத்தை எப்படி வென்றார் என்று நினைவுபடுத்திக்கொண்டேன். அந்த ஆண்டு பிரிமோஸ் ரோக்லிச்சும் வின்சென்சோ நிபாலியும் ஒருவரையொருவர் மட்டுமே எதிரியாகக் கருதினார்கள். 14ஆம் கட்டத்தில் கூர்மையோர் நோக்கிய பாதையில் கராபாஸ் விலகியபோது, துரத்தும் பொறுப்பு யாருடையது என்று அவர்கள் முடிவு செய்யவில்லை. அன்று கராபாஸ் சட்டையை எடுத்தார், பிறகு விடவே இல்லை. 2018இல் துரத்த மறுத்தவர், 2019இல் துரத்தப்படாதவர், 2025இல் துரத்தலுக்கு ஆள் கிடைக்காதவர்: மூன்று இடங்களிலும் நின்று பார்த்த ஒரே மனிதர் அவர்.

2025 ஜூன் 11

கேள்வி கேட்ட நண்பர் விடவில்லை. "யேட்ஸ் 1:21ஐத் தாண்டிய பிறகாவது டெல் டோரோ கணக்கை மாற்றியிருக்க வேண்டாமா?" என்கிறார். இரண்டு நாள் யோசித்தேன். இந்த வடிவில் கேள்விக்கு எடை இருக்கிறது.

யேட்ஸ் மெய்நிகர் முதலிடத்தை (சாலையில் அந்தக் கணத்து இடைவெளிப்படி மொத்த நேரத்தில் முதலிடம்) எட்டும் வரை, கராபாஸைக் காவல் காப்பது சட்டையைக் காப்பதற்கு ஒப்பாகும். எட்டிய கணத்திலிருந்து, கராபாஸைக் காவல் காப்பது இரண்டாம் இடத்தைக் காப்பது மட்டுமே. நடத்தை ஒன்றே, பொருள் வேறு. அந்த மாற்றத்தைச் சரளைப் பாதையில், ஒரு மணி நேர ஏற்றத்தின் இறுதியில், உடல் எல்லையில் இருக்கும் வீரர் கண்டுகொள்ள வேண்டும் என்று கேட்பதைவிட, பின்னால் வரும் அணிக் காரில் அமர்ந்து திரையில் இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சொல்லியிருக்க வேண்டும் என்று கேட்பதே நியாயம். அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை வைத்து நான் தீர்ப்புச் சொல்லவில்லை. வேலைப் பிரிவினையைச் சொல்கிறேன்: வீரர் மிதிக்கிறார், கணக்குப் போடுவது கார்.

அப்போதும் ஒரு பேரம் சாத்தியமாக இருந்தது என்றே கருதுகிறேன். உச்சியைத் தாண்டியதும் இருவரும் பேசி, செஸ்ட்ரியேரே அடிவாரம் வரை சமமாக உழைத்து, அதன்பின் தங்கள் சண்டையைத் தொடங்கலாம் என்று ஒப்பந்தம் செய்திருக்கலாம். எதிரணியினருக்கு இடையே இத்தகைய தற்காலிக உடன்பாடுகள் சாலைப் பந்தயத்தில் அன்றாடம் நடக்கின்றன. ஆனால் முன்னால் வான் ஆர்ட் இழுத்துக்கொண்டிருந்தார். சமமாக உழைத்திருந்தாலும் சுமை இருவர் மீது, ஓய்வோடு வந்துகொண்டிருந்தவரோ யேட்ஸ். இழப்பு குறைந்திருக்கும், சட்டை தங்கியிருக்குமா என்பதில் எனக்கு ஐயம்.

2025 ஜூன் 14

முன்னால் ஆளை அனுப்பும் உத்தி விஸ்மாவின் கண்டுபிடிப்பா என்ற கேள்விக்கு: இல்லை. 2011 டூர் டி பிரான்ஸின் 18ஆம் கட்டத்தில் ஆண்டி ஷ்லெக் இலக்குக்கு 60 கிலோமீட்டர் முன்பே இசோவார் மலையில் தாக்கியபோது, அவருடைய அணியினர் யூஸ்ட் பொஸ்துமாவும் மக்சிம் மொன்ஃபோரும் ஏற்கெனவே முன்னால் இருந்தார்கள். குறிப்பாக மொன்ஃபோர் பள்ளத்தாக்கில் அவரை இழுத்துச் சென்றார். ஷ்லெக் கலிபியே உச்சியில் வென்றார். ஆனால் பின்னால் காடெல் எவான்ஸ் யாருடைய உதவியும் சரியாகக் கிடைக்காமல், யாரையும் குறைகூறி நிற்காமல், ஏறத்தாழத் தனியொருவராக இழப்பைக் குறைத்தார். இரண்டு நாள் கழித்துக் கிரெனோபிள் தனிநேரப் போட்டியில் (ஒவ்வொருவரும் தனியாக ஓடி நேரம் கணக்கிடும் கட்டம்) பட்டம் எவான்ஸிடம் போனது. "முன்னால் வராதவர்கள் வராமலே போகட்டும்" என்று ஒருவர் முடிவு செய்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு அந்த நாள் சான்று. டெல் டோரோவை விமர்சிப்பவர்கள் எடுத்துக்காட்ட வேண்டிய நாளும் அதுவே. இதுவரை ஒருவரும் எடுத்துக்காட்டவில்லை.

விஸ்மாவின் முந்தைய வடிவமான யம்போ–விஸ்மா, 2022 டூரின் 11ஆம் கட்டத்தில் இதையே இன்னும் விரிவாகச் செய்தது. வான் ஆர்ட்டும் கிறிஸ்டோஃப் லபோர்ட்டும் முன்னால். ரோக்லிச்சும் யோனாஸ் விங்கெகோரும் தெலெகிராஃப், கலிபியே மலைகளில் மாறி மாறித் தாக்க, அன்று காலை முதலிடத்தில் இருந்த, கோவிட்டால் இரண்டு துணைவர்களை ஏற்கெனவே இழந்திருந்த தடேய் பொகாச்சர் ஒவ்வொரு தாக்குதலுக்கும் தானே பதில் சொன்னார். கடைசி ஏற்றமான கிரனோனில் விங்கெகோர் ஒரே முறை எழுந்தார். பொகாச்சர் 2 நிமிடம் 51 விநாடி இழந்தார். தோள்பட்டைக் காயத்தோடு பட்ட வாய்ப்பை இழந்திருந்த ரோக்லிச் அன்று தன்னையே தூண்டிலாக்கிக்கொண்டார்.

2025 ஜூன் 15

வான் ஆர்ட்டுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டவருக்குச் சுருக்கமாக: பரிசுப் பணத்தை அணிக்குள் பகிர்ந்துகொள்வது நெடுநாள் வழக்கம், ஆனால் முன்னணி வீரர்களின் உண்மையான வருமானம் சம்பள ஒப்பந்தமே. முடிவுப் பட்டியலில் அவர் பெயர் கீழே இருக்கும். அவரது மதிப்பை எடைபோடுபவர்கள் பள்ளத்தாக்கைப் பார்த்திருப்பார்கள்.

2025 ஜூலை 28

டூர் நேற்று முடிந்தது. சைமன் யேட்ஸ் அங்கே விங்கெகோரின் துணை வீரராக ஓட்டினார். ஜிரோ சாம்பியன் ஆறு வாரம் கழித்து மலைகளில் மற்றொருவருக்காக வேகம் அமைத்துக்கொடுத்தார். இடையில் ஜூலை 14 அன்று முன்னணிக் குழுவில் செல்லும் வாய்ப்பு கிடைத்தபோது, லெ மோன்-தோரில் 10ஆம் கட்டத்தை வென்றார். நேற்று மோன்மார்த்ர் மேட்டில் பொகாச்சரையே பின்னால் விட்டு வான் ஆர்ட் பாரிஸில் தனியாக வென்றார். பட்டம் பொகாச்சருக்கே போனது. விஸ்மாவின் ஏற்பாடுகள் எதுவும் இந்த முறை அவரை அசைக்கவில்லை. பினெஸ்ட்ரேயில் யேட்ஸுக்கு எதிரே இருவர் இருந்தார்கள், இருவருக்கும் நலன்கள் வேறு. டூரில் எதிரே இருந்தது ஒருவர். அவர் யாரோடும் பேரம் பேச வேண்டியிருக்கவில்லை. அணி உத்தி எப்போது பலிக்கும் என்ற கேள்வியை இனி இந்த வேறுபாட்டிலிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன். 2022 கிரனோனை அதற்கு எதிரான வாதமாக யாரேனும் வைத்தால், பொகாச்சருக்கு அன்று இருந்த அணி பலத்தையும் இந்த ஆண்டு இருந்ததையும் பக்கத்தில் வைத்தே பேச வேண்டும்.